பி.எட். படிக்கிற அம்மாவுக்குப் பிள்ளையின் பள்ளியில் என்ன மரியாதை?

கேள்வி: என் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று பள்ளியில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். இந்த லட்சணத்தில் நான் பி.எட். சேரலாமா?

சேருங்கள். நான் இரண்டாம் வருஷம், தமிழ்ப் பாடம். ஊர் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியம் என்றால் மலையாளம். நாளைக்கு உதவும் என்று மகனை மலையாள மீடியத்தில் போட்டோம். மூன்றாம் வகுப்பு.

பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் அவனுடைய டீச்சர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "வீட்டில் தமிழல்லே சம்சாரிக்குன்னது? அதாணு." வீட்டில் தமிழ் பேசுவதுதான் குற்றமாம். என் கையில் பாடக்குறிப்பு நோட்டு இருந்தது. டீச்சராகப் போகிறவள் பிள்ளைக்கே எழுத்து வரவில்லையா என்று கேட்டுவிடுவார்களோ என்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ராத்திரி அவன் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பசு என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'வசு'. மலையாளத்தில் ப, வ இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே உருவம். இடப்பக்கச் சுழியில்தான் வித்தியாசம். தமிழ் 'ப' அவனுக்குத் தடுமாறியதே இல்லை. பிறகு தமிழ் எப்படிக் காரணமாகும்?

முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கென்று அரசியலமைப்பில் 350ஏ பிரிவு இருக்கிறது. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்தவைதான். பள்ளியில் போய்ச் சொல்லவில்லை. சட்டம் பேசிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், பிள்ளை அங்கேதானே உட்கார வேண்டும்? அடுத்த முறை நோட்டை விரித்து வைத்து, "டீச்சர், இந்த ரெண்டு எழுத்தை மட்டும் பாருங்க" என்றேன். பார்த்தார். அவ்வளவுதான் நான் செய்த புரட்சி.

ஆசிரியர் படிப்புகளுக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ. விதிப்படி பி.எட். இரண்டு வருஷத்தில் 20 வாரம் பயிற்சிக்காகப் பள்ளியில் இருக்க வேண்டும். பக்கம் என்பதற்காகப் பிள்ளை படிக்கிற பள்ளியைக் கேட்டு வாங்காதீர்கள். நான் போனது வேறு ஹைஸ்கூல். அங்கே ஸ்டாஃப் ரூமில் ஓர் எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி, "வீடு சரியில்லை, என்ன பண்ண முடியும்" என்றார்கள். என் பயிற்சி மார்க் அவர்கள் கையில். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இன்னும் உறுத்துகிறது.

படிப்பு முடிந்தால் கே-டெட் வேறு, கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு. ஹைஸ்கூலுக்கு மூன்றாம் கேட்டகரி. 150 மார்க்கில் பொதுப்பிரிவுக்கு 90 வேண்டும். ராத்திரி சமையல் பாத்திரம் கழுவின பிறகுதான் எனக்குப் படிப்பு.

ஒன்று, நீங்கள் படிப்பதை மறைக்காதீர்கள். போன மாதம் பஸ்ஸில் மகனின் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலேஜ் சேலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பி.எட்.ஆணோ?" என்றார். அவர் படித்த காலேஜ், அப்போதைய ரெக்கார்டு, அந்த ஊர் ஹாஸ்டல் சாப்பாடு என்று நான் இறங்குகிற வரை பேச்சு நிற்கவில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.