கார்ன்டு பீஃப் ரப்பராகிறதா? தீயைக் குறையுங்கள்

அயர்லாந்துப் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் தின விருந்துக்காக மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டும் கார்ன்டு பீஃப் (உப்புநீரில் ஊறவைத்த மாட்டு நெஞ்சுக்கறி) ரப்பராக இருந்தது, உப்பும் தூக்கல், முட்டைக்கோஸ் குழைந்துபோனது என்று எழுதியிருந்தீர்கள். கொதிக்கவிட்டதுதான் சிக்கல். மாட்டின் நெஞ்சுக்கறி தளதளவென்று கொதித்தால் இறுகிவிடும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் அங்கங்கே குமிழ் எழும் அளவில் மூடி வையுங்கள். ஒன்றரை கிலோ துண்டுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லையா, இன்னும் அரை மணி விடுங்கள். வெந்த பிறகும் நிறம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அது ஊறவைக்கும்போது சேர்த்த நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பால் வருவது, பயப்படாதீர்கள்.

உப்பு தூக்கலாகாமல் இருக்க, கறி வந்த பாக்கெட்டில் உள்ள உப்புநீரைக் கொட்டிவிட்டு, கறியை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தனியாக உப்பு போடவே கூடாது.

கறியை எடுத்து மூடி வைத்த பிறகு, அதே சாற்றில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுங்கள். அவை முக்கால் பதம் வெந்ததும் முட்டைக்கோஸ். 15 நிமிடம் போதும். நடுத்தண்டோடு சேர்த்துப் பெரிய துண்டுகளாக வெட்டினால் இதழ் பிரியாது. அப்புறம், கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டுங்கள். நார் ஓடும் வாக்கில் வெட்டினால் நன்றாக வெந்த கறிகூட வாயில் சவ்வாக இழுபடும்.