வாக்குத்தத்த அட்டைக்கு முந்தைய வசனம்

கேள்வி: ஐயா, நான் குவைத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கணவரும் ஆறு வயது மகளும் நாகர்கோவிலில் என் மாமியாரோடு இருக்கிறார்கள். வீட்டுக்கடன் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று வந்தேன், கடன் முடிந்தபாடில்லை. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், ‘எதிர்பார்த்திருக்கும் முடிவை’க் கொடுப்பதாகச் சொல்லும் எரேமியா 29:11 வசனம் இருந்ததால், இந்த ஆண்டே திரும்பிவிடுவேன் என்று நம்பினேன், அதுவும் நடக்கவில்லை. ‘எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்’ என்று சபையில் சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது. பொறுமையும் நன்றியுணர்வும் எனக்கு வரவே வராதா?
- ஒரு வாசகி, குவைத்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அட்டையிலிருந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. எழுபது வருஷம் முடிந்த பின்பே திரும்பிவரப்பண்ணுவேன் என்று பத்தாம் வசனத்தில் சொன்ன பிறகுதான், தம்முடைய நினைவுகள் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று கர்த்தர் தேற்றுகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று முந்தைய அதிகாரமே கூறுகிறது. ஒற்றை வசனத்தைப் பிரித்தெடுத்து அச்சிட்டுக் கொடுக்கும் நம் வழக்கம், ஏங்கியிருக்கும் மனத்தில் கர்த்தர் குறிக்காத தேதியைக் குறித்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

அதற்காக, நாள் கழியட்டும் என்று கைகட்டி இருக்கவும் அந்தக் கடிதம் சொல்லவில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. ஊர் திரும்பும் நாளில்தான் வாழ்க்கை மறுபடி தொடங்கும் என்று எண்ணாமல், உங்கள் வார்டில் படுத்திருப்பவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அறையில் உடன் தங்கியிருக்கும் பெண்ணோடு அமர்ந்து சாப்பிடுங்கள். எரிச்சலையும் மறைக்க வேண்டாம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்டதை நீங்களும் கேட்கலாம். சம்பளத்தைப் பிடித்துவைப்பது போன்ற அநியாயம் என்றால் தூதரகத்தில் முறையிடுங்கள். நியாயம் வேண்டி அப்போஸ்தலர் பவுலும் ரோமப் பேரரசரான இராயனுக்கு அபயமிட்டார், அதாவது மேல்முறையீடு செய்தார்.

நன்றியைப் பற்றியும் அந்தப் பவுலிடமே கேட்போம். பிலிப்பி சபையாருக்குக் காவலில் கட்டுண்டவராக எழுதும்போது, தம் கட்டுகளுக்காக அவர் நன்றி சொல்லவில்லை. அந்தச் சபையார் தங்கள் தூதனான எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பிய உதவியையும், முன்பு தெசலோனிக்கேயில் இருந்தபோது அனுப்பியதையும் நினைத்து எழுதுகிறார். மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடு இருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார். அப்போஸ்தலருக்கே கற்க வேண்டியிருந்தது உங்களுக்குச் சில ஆண்டுகளில் வரவில்லையே என்று கலங்காதீர்கள். உங்கள் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறவர் உங்கள் மாமியார் என்றால், உங்கள் ஸ்தோத்திரத்தை அவரிடமிருந்து தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் பேசும்போது, மகளைக் கூப்பிடச் சொல்வதற்கு முன், “அத்தை, உங்க முட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்.