கரண்ட் போன இரவில் கோய் மீன்களுக்கு முதலில் காற்று

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி 18 கோய் மீன்கள் (அலங்காரக் கெண்டை) வளர்க்கிறோம். ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி வரை இருக்கும். அரை எச்.பி. மோட்டார், பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய மூடிய பீட் ஃபில்டர், யு.வி. விளக்கு எல்லாம் உண்டு. போன மே மாதம் சூறைக்காற்றில் இரவு பத்து மணிக்குப் போன கரண்ட் காலை ஆறு மணிக்குத்தான் வந்தது. விடிந்து பார்த்தால், இருந்ததிலேயே பெரிய மீன்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வீட்டில் 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் இருக்கின்றன. மோட்டாரை அதில் கொடுத்துவிடலாமா, ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: மோட்டாரை இன்வெர்ட்டரில் கொடுக்க வேண்டாம். ஜெனரேட்டரும் இப்போதைக்கு அவசரமில்லை. உங்களுக்கு உடனே வேண்டியது ஒரு நல்ல ஏர் பம்ப்பும், அதற்கென்றே ஒதுக்கிய பேட்டரியும்.

பெரிய மீன்கள் முதலில் போயின, சின்னவை தப்பின என்கிறீர்கள். ஆக்சிஜன் குறைந்து சாகும் மீன்களுக்கு இதுதான் அடையாளம். உடம்பின் எடைக்கு ஏற்ற செவுள் பரப்பு பெரிய மீனுக்குக் குறைவு. அதனால் தண்ணீரில் காற்று குறையும்போது முதல் அடி அதற்குத்தான். செத்த மீனின் வாய் திறந்து, செவுள் மூடி விரிந்து இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தொட்டியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 × 8 × 4 அடி என்றால் 384 கன அடி, கிட்டத்தட்ட 10,900 லிட்டர். கோடை இரவில் தண்ணீர் 29 டிகிரி இருக்கும்போது, கிருஷ்ணகிரி பக்கத்து உயரத்தில் லிட்டருக்குச் சுமார் 7 மி.கி. ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். பாசியும் கசடும் உள்ள தொட்டியில் இரவு பத்து மணிக்கு அது 6 ஆக இருந்தாலே பெரிது. 4 மி.கி.க்குக் கீழே போனால் கோய் தவிக்கும். 2-ஐத் தொட்டால் சாவு தொடங்கும். ஆக, 6-லிருந்து 4 வரை உள்ள கையிருப்பு மொத்தத் தொட்டிக்கும் சேர்த்து 22 கிராம். மீன்கள் எல்லாம் சேர்ந்து 15 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு மணிக்கு 300 மி.கி. வீதம் 4.5 கிராம் இழுக்கும். பாசி, கசடு, ஃபில்டரில் வாழும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். மணிக்கு 9 கிராம் செலவு. பத்து மணிக்குப் போன கரண்டுக்கு, பன்னிரண்டரை மணிக்கே மீன்கள் தவிக்கத் தொடங்கியிருக்கும். மூன்று மணிக்குப் பெரியவை போயிருக்கும். பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவில் அதுவும் பங்காளியாகிச் சாப்பிடும். விடியும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

இனி மோட்டார். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 500 வாட்ஸுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல நாலைந்து மடங்கு. 900 வி.ஏ. இன்வெர்ட்டர் பெரும்பாலும் அப்போதே ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி காலி. டியூபுலர் பேட்டரியை அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அட்டையில் போட்ட 150 ஏ.எச். கிடைக்காது, பாதியும் கொஞ்சமும்தான் கிடைக்கும். தண்ணீரைச் சுற்றவிடுவது ஃபில்டருக்காக. ஒரு இரவு ஃபில்டர் நின்றால் மீன் சாகாது. காற்று நின்றால் சாகும்.

நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று தரும் மின்காந்த ஏர் பம்ப் 35 முதல் 50 வாட்ஸுக்குள் கிடைக்கிறது. தீனி போடாத இரவில் உங்கள் 15 கிலோ மீனுக்கு இது போதும். காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோன்களை இரண்டரை, மூன்று அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். அடியில் வைத்தால் கசடு கிளம்பும், அந்தக் கசடே ஆக்சிஜனைத் தின்னும். பம்ப்பை நீர்மட்டத்துக்கு ஒரு அடி மேலே, மழைச்சாரல் படாமல் மாட்டுங்கள். கீழே வைத்துவிட்டால், பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி பம்ப்புக்குள் போய்விடும். அவசரத்துக்கு வாங்கி வைத்த பம்ப் அவசரம் வந்த அன்றே கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போட்டாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், அதன் ரப்பர் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஏர் பம்ப்பை அவசரத்துக்கு மட்டும் என்று எடுத்து வைக்காமல், 24 மணி நேரமும் பேட்டரி லைனிலேயே ஓடவிடுங்கள். தினமும் ஓடும் பம்ப் கெட்டால் பகலில் கண்ணில் படும். பெட்டிக்குள் இருந்த பம்ப் கெட்டது நள்ளிரவில்தான் தெரியும். ஒரு பக்கக் குமிழி மட்டும் மெலிந்தாலோ, பம்ப் வழக்கத்தைவிடக் கடகடத்தாலோ மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் டயஃப்ரத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். வெளியே முழுசாகத் தெரியும், வளைத்தால் ஓரத்தில் முடி போல ஒரு கீறல் வாயைப் பிளக்கும். மாற்று டயஃப்ரம் ஒரு ஜோடி கையில் இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் கட்டாயம் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த வகை பம்ப் உறுமும், சூடாகும், டயஃப்ரம் சீக்கிரம் கிழியும். இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது: இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் யு.பி.எஸ். / நார்மல் சுவிட்ச். யு.பி.எஸ். நிலையில் வைத்தால், சப்ளை சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதுமே பேட்டரிக்கு மாறிவிடும். கோடையில் சாயங்காலம் ஊர்ப்பக்கம் 170-க்கு இறங்குவது சாதாரணம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் இருப்போம். உள்ளே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். இரவு நிஜமாகவே கரண்ட் போகும்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஏர் பம்ப்புக்கு நொடிக்கும் குறைவான அந்த மாற்ற நேரம் ஒரு பொருட்டே அல்ல, நார்மலில் வையுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட் 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1,800 வாட்-ஹவர். 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பதால் 1,440. பம்ப் 35 வாட்ஸ், மாற்றத்தில் வீணாவது, இன்வெர்ட்டர் தனக்கென்று தின்னும் 15 முதல் 20 வாட்ஸ் எல்லாம் சேர்த்து 60 வாட்ஸ் வைத்தால் 24 மணி நேரம் வருகிறது. மூன்று வருடப் பழைய பேட்டரிக்கு அதில் 60 சதவீதம்தான் நம்பலாம், 14 மணி நேரம். ஆனால் இது பம்ப் மட்டும் ஓடும்போது. இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் அதே பேட்டரியில் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பழைய பேட்டரியில் மூன்றரை. மே மாதப் புழுக்கத்தில் குழந்தைகள் தூங்கும் அறையின் ஃபேனை மீனுக்காக நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால்தான் தனி பேட்டரி என்கிறோம்.

தனியாகப் போடுவதென்றால் இன்வெர்ட்டரே இல்லாமல் 12 வோல்ட் டி.சி. ஏர் பம்ப் போடுவது இன்னும் சிக்கனம். 12.8 வோல்ட் 50 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட்-ஹவர் இருக்கிறது. 30 வாட்ஸ் டி.சி. பம்ப் 18 மணி நேரம் ஓடும். அந்தப் பேட்டரிக்கு என்றே உள்ள சார்ஜரை மட்டும் போடுங்கள், பழைய கார் பேட்டரி சார்ஜர் கூடாது.

கூரையில் சோலார் இருப்பவர்கள் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைக்கிறார்கள். 2024-இல் தொடங்கிய சூர்யா கர் திட்டத்தில் மானியத்துடன் போடப்படுபவை பெரும்பாலும் மின்வாரிய லைனோடு (கிரிட்) இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்புகள். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, மின்வாரிய சப்ளை நின்றதும் அவை தாமாகவே நின்றுவிடும். உச்சி வெயிலிலும் அப்படித்தான்.

ஜெனரேட்டர் வாங்கினால் புகை வெளியேறும் பக்கம் ஏர் பம்ப் இருக்கக் கூடாது. அந்தப் புகையைத்தான் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். மாதம் ஒருமுறை 15 நிமிடம் லோடு கொடுத்து ஓட்டுங்கள், பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். வீட்டு லைனை மின்வாரிய லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் சுவர் பிளக் வழியாக வீட்டு லைனுக்குக் கொடுக்கவே கூடாது. கம்பத்தில் ஏறி நிற்பவர் உயிர் அதில் இருக்கிறது.

பேட்டரியும் கைவிட்டால் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஆக்சிஜன் சிலிண்டர். 'பி' வகை சிலிண்டரில் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ரெகுலேட்டர், ஃப்ளோ மீட்டர், நுண்குமிழி டிஃப்யூசர் மாட்டி நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 12 மணி நேரம் வரும். சுத்தமான ஆக்சிஜன் என்பதால் அந்த 2 லிட்டரே உங்கள் தொட்டிக்குத் தாராளம். கரண்டே வேண்டாம். எண்ணெய், கிரீஸ் பட்ட கையோடு வால்வைத் தொடக்கூடாது, நிமிர்த்தி சங்கிலி போட்டு வைக்க வேண்டும்.

எதுவுமே இல்லாத இரவில், மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் உதவும். அதன் குழாயில் ஷவர் மாட்டி, நாலைந்து அடி உயரத்திலிருந்து மெதுவாகச் சிதறவிடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 10 கிராம் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்து முன்பே தொட்டியில் ஊற்றிவிடுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, நேராகக் குழாயில் விட்டால் இருப்பதையும் கெடுக்கும். அதையும் ஷவராகவே விடுங்கள். டேங்க் தீர்ந்தால் வாளிதான்: தொட்டித் தண்ணீரையே மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் நாளிதழில் துணை மின் நிலையம் பெயரோடு வரும். உங்கள் தெரு எந்தத் துணை மின் நிலையத்தில் வருகிறது என்று தெரியாவிட்டால் மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தில் (94987 94987) கேளுங்கள். அதற்கு முந்தைய சாயங்காலமே தீனியை நிறுத்திவிடுங்கள், செரிமானத்துக்கே மீன் கூடுதல் ஆக்சிஜன் இழுக்கும். காற்றடிக்கும் அறிகுறி தெரிந்த மாலையிலும் அப்படியே.

இப்போது உங்கள் பீட் ஃபில்டர். அடுத்த தடவை மீன்களைக் கொல்லக்கூடியது இதுதான். மூடிய ஃபில்டருக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியா ஒன்றிரண்டு மணி நேரத்தில் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு அழுகல் தொடங்கி ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடினால், இரவெல்லாம் தாக்குப்பிடித்த மீன்கள் மேல் அந்த நச்சுத் தண்ணீர் பாயும். ஆகவே மோட்டார் தானாகக் கிளம்பாதபடி, கையால் அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் தாண்டினால், ஃபில்டரின் வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரமான மணிகளில் பாக்டீரியா காற்றிலேயே மேலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். கரண்ட் வந்ததும் வால்வை வேஸ்ட் பக்கம் திருப்பி, பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி), தெளிவாக வரும் வரை சாக்கடைக்கு விடுங்கள். கையில் பிடித்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை துளியும் இருக்கக் கூடாது. அதன் பிறகே தொட்டிக்கு. தண்ணீர் ஓட ஆரம்பித்த பின் யு.வி. விளக்கு.

மீன் கழிவின் நச்சை மாற்றும் ஃபில்டர் பாக்டீரியா குறைந்திருக்கலாம் என்பதால், அடுத்த ஒரு வாரம் தினமும் அமோனியா, நைட்ரைட் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, பி.எச். 8-க்கு மேலே நிற்கும். பி.எச். 8.2, தண்ணீர் 28 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 7.2-இல் அது நூற்றில் ஒன்றுதான். அமோனியா தெரிந்தால் தீனி நிறுத்தம், 15 சதவீதத் தண்ணீர் மாற்றம். நைட்ரைட்டுக்கு 1,000 லிட்டருக்கு 1 கிலோ வீதம், உங்களுக்கு 11 கிலோ அயோடின் சேர்க்காத கல்லுப்பு. வாளியில் கரைத்து மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், கரண்ட் போனது யாருக்கும் தெரியாமல் போகலாம். ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்க, தொட்டி லைனில் மட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கும். அதனால் அலாரத்தைத் தொட்டி பிளக் பாயிண்டிலிருந்தே எடுக்க வேண்டும், வீட்டு லைனிலிருந்து அல்ல. 230 வோல்ட் ரிலே ஒன்று, அதன் என்.சி. முனையில் (கரண்ட் இல்லாதபோது இணையும் முனை) 12 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. பஸ்ஸர் படுக்கையறையில் இருக்கட்டும். வெளியூர் போகிறவர்கள், விவசாய மோட்டாருக்குப் போடும் செல்போன் ஸ்டார்ட்டர் வகையில் கரண்ட் போனால் அழைப்பு வரும் மாடலைப் போடலாம். அதற்குள் தனி பேட்டரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன் பம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். தெருவே இருட்டாக இருந்தாலும் உங்கள் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.