வாசகர் கேள்வி – பதில்: பக்கவாட்டு விசையும் கான்கிரீட் கட்டடமும்

இந்த முறை பக்கவாட்டு விசை பற்றிய கேள்விகள் மட்டும். நிலநடுக்கக் கணக்குகள் இந்தியத் தரநிலைகளான (ஐ.எஸ்.) ஐ.எஸ். 1893 பகுதி 1, ஐ.எஸ். 13920 ஆகியவற்றின் 2016 பதிப்புகளையும், காற்றுக் கணக்கு ஐ.எஸ். 875 பகுதி 3-இன் 2015 பதிப்பையும் ஒட்டியவை.

கே: ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி. மென்பொருள் காட்டும் பேஸ் ஷியர் (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை) சரிதானா என்று கையால் சோதிக்க வழி உண்டா?
– இளம் பொறியாளர், தாம்பரம்

ப: உண்டு, அரைத்தாள் போதும். கட்டடம் 18 மீட்டருக்கு 12 மீட்டர், மாடிக்கு 3 மீட்டர் வீதம் மொத்த உயரம் 12 மீட்டர், தூண்கள் ஐந்துக்கு நான்காக 20 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எடை. தளம், பீம், தூண், செங்கல் சுவர், தரைப் பூச்சு எல்லாம் சேர்ந்து குடியிருப்புகளில் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் வரும். லைவ் லோடு (ஆட்கள், சாமான்களின் பளு) சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் வரை இருந்தால் அதில் கால் பங்குதான் இதில் சேரும், அதற்கு மேல் போனால் பாதி. மொட்டை மாடிக்கு லைவ் லோடு வேண்டியதில்லை. ஆக மூன்று தளங்கள் தலா 2,600, மொட்டை மாடி 1,800, மொத்தம் 9,600 கிலோநியூட்டன். மென்பொருளின் எடை இதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் மேற்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் சுவர் எடை விடுபட்டிருக்கும், இல்லையென்றால் தளத்தின் சொந்த எடை இருமுறை ஏறியிருக்கும்.

அடுத்து அதிர்வு நேரம். சுவர் இல்லாத, தூணும் பீமும் மட்டுமான வெறும் சட்டகத்துக்கு 0.075-ஐ உயரத்தின் 0.75 அடுக்கால் பெருக்க வேண்டும், 0.48 விநாடி வருகிறது. செங்கல் சுவர் நிரப்பிய சட்டகத்துக்கு 0.09-ஐ உயரத்தால் பெருக்கி, விசை வரும் திசையில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், நீளவாக்கில் 0.25, குறுக்கில் 0.31. நடுத்தர மண்ணில் 0.55 விநாடி வரை முடுக்கக் கெழு 2.5தான் என்பதால், இங்கே எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் விடை மாறாது. உயரம் 30 மீட்டராகட்டும், கதை வேறு. வெறும் சட்டகத்துக்கு 0.96 விநாடி, கெழு 1.42. சுவருள்ள சட்டகத்துக்கு 0.64 விநாடி, கெழு 2.14. சூத்திரத்தை மாற்றிப் போட்டால் விசையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

2016 பதிப்பின் நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலம், காரணி 0.16. அதில் பாதியான 0.08-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 0.20. முக்கியத்துவக் காரணி இங்கே 1. 200 பேருக்கு மேல் புழங்கும் குடியிருப்பானால் 1.2. இதை ஆர் காரணி (விசையைக் குறைத்துக்கொள்ள விதி தரும் வகுஎண்) 5-ஆல் வகுத்தால் 0.04. பேஸ் ஷியர் 9,600-இல் 4 சதவீதம், அதாவது 384 கிலோநியூட்டன்.

வகுப்பதற்கு முந்தைய நிலையைப் பாருங்கள். அந்த 0.20-க்கு விசை 1,920 கிலோநியூட்டன். அவ்வளவையும் வாங்கும்படி நாம் டிசைன் செய்வதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் செய்துவிட்டு, மிச்சத்தைக் கட்டடம் உடையாமல் வளைந்து தாங்கிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த உறுதிமொழிக்கு ஈடு ஐ.எஸ். 13920 சொல்லும் கம்பி விவரங்கள். அவை இல்லாத வரைபடத்தில் ஆர் 5 என்று போடுவது கடன் வாங்கிவிட்டு அடமானத்தைத் தராமல் நழுவுவது போல.

மாடிவாரியாகப் பிரிக்க, எடையை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி அந்த விகிதத்தில் பங்கிடுங்கள். மேலிருந்து கீழாக 170, 138, 61, 15 கிலோநியூட்டன். ஸ்டில்ட் தூண்கள் இருபதும் சேர்ந்து 384-ஐத் தாங்க வேண்டும். நீளவாக்கில் நான்கு சட்டகங்கள், ஒவ்வொன்றுக்கும் 96. உள்தூண் ஓரத்தூணைப் போல் இரு மடங்கு வாங்கும் என்று கொள்ளும் போர்ட்டல் முறையில் உள்தூணுக்கு 24, ஓரத்தூணுக்கு 12. பளுக் காரணி 1.5 சேர்த்தால் உள்தூணுக்கு 36 கிலோநியூட்டன். பாதி உயரமான 1.5 மீட்டரால் பெருக்கினால் வளைவுத் திருப்புமை 54 கிலோநியூட்டன்-மீட்டர். மென்பொருள் 45 முதல் 75 வரை காட்டினால் நம்பலாம். 10 அல்லது 200 காட்டினால் மாடலில் ஏதோ ஒரு மூட்டு அவிழ்ந்திருக்கிறது.

இரண்டு சோதனைகள் பாக்கி. ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறையில் (கட்டடத்தின் பல அதிர்வு முறைகளையும் சேர்த்து மென்பொருள் போடும் கணக்கு) கிடைக்கும் பேஸ் ஷியர் இந்த 384-க்குக் கீழே வந்தால் எல்லா விடைகளையும் அதே விகிதத்தில் உயர்த்தியாக வேண்டும். வெறும் சட்டக மாடலில் அதிர்வு நேரம் 1 விநாடி வரை நீண்டுவிடும் என்பதால் குறைந்துதான் வரும். அடுத்தது ட்ரிஃப்ட், அதாவது ஒரு மாடி அதன் கீழ்மாடியைவிட எவ்வளவு பக்கவாட்டில் நகர்கிறது என்பது: 3 மீட்டர் மாடிக்கு வரம்பு 12 மி.மீ., பளுக் காரணி 1-இல். அப்போது தூணுக்கு 70 சதவீதம், பீமுக்கு 35 சதவீதம் என்று விறைப்பைக் குறைத்திருக்க வேண்டும். முழு விறைப்போடு பார்த்தால் எந்தக் கட்டடமும் பாஸ்தான்.

கே: எங்கள் ஊர் இரண்டாம் மண்டலம். நிலநடுக்கக் கணக்கே தேவையில்லை என்கிறார்களே?
– ஒப்பந்ததாரர், மதுரை

ப: தேவை. மண்டலக் காரணி 0.10. இரண்டாம் மண்டலத்தில் 13920 விவரங்கள் இல்லாத சாதாரணச் சட்டகத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்கு ஆர் 3தான். 0.05-ஐ 2.5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 0.0417. மேலே சென்னைக்கு வந்தது 0.04. சாதாரண விவரங்களோடு கட்டும் மதுரைக் கட்டடம் சென்னைக் கட்டடத்தைவிடச் சற்று அதிக விசைக்கு டிசைன் ஆக வேண்டும்! 13920-ஐப் பின்பற்றினால் இது 0.025-ஆகக் குறையும். ரிங்குக்கு (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) செலவழித்ததை முழுவதும் திரும்பப் பெற முடியாவிட்டாலும், பீம் கம்பியில் ஒரு பகுதியைப் பெறலாம்.

கே: தூண் 9 அங்குலம் போதும், சுவரோடு சுவராக மறைந்துவிடும் என்கிறார் மேஸ்திரி. பொறியாளர் ஒரு அடிக்கு மேல் கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வீடு கட்டுபவர், பூந்தமல்லி

ப: பொறியாளர். 2002 திருத்தத்தில் சென்னைப் பகுதி மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அங்கே 13920 கட்டாயம். தூணின் சிறிய பக்கம் 300 மி.மீட்டருக்கும், அதில் வந்து சேரும் பீம் கம்பியின் விட்டத்தைப் போல் 20 மடங்குக்கும் குறையக் கூடாது. பீமில் 16 மி.மீ. கம்பி ஓடினால் 320 வேண்டும்; நடைமுறையில் 350.

காரணம் மூட்டில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் அதே பீம் கம்பியைத் தூணின் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் தள்ளும். 230 மி.மீ. அகலத்துக்குள் பிடிப்புப் போதாமல் கம்பி வழுக்கும். எம்25 கான்கிரீட்டில் 16 மி.மீ. எஃப்இ500 கம்பிக்கு முழுப் பிடிப்பு நீளம் 777 மி.மீ. என்பதை வைத்து யோசியுங்கள். இன்னொன்று, கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்) 40 மி.மீ. வீதம் இருபுறமும் கழித்தால் 9 அங்குலத் தூணில் ரிங்குக்குள் 150 மி.மீ.தான் மிஞ்சும். வெளிக் கவர் உதிர்ந்த பிறகு வீட்டைத் தாங்கப்போவது அதுதான்.

சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே என்பது உண்மையான குறை. தூண் முகத்தைப் படுக்கையறைப் பக்கம் விடாமல், அலமாரி, கதவு மூலை, பால்கனிப் பக்கம் திருப்பிவிட்டால் பெரும்பாலும் கண்ணில் படாது. பிளான் போடும்போதே செய்ய வேண்டிய வேலை.

கே: தூணுக்கு 8 மி.மீ. ரிங் 150 மி.மீ. இடைவெளியில் கட்டுவதுதான் வழக்கம். வரைபடத்தில் 10 மி.மீ., 75 இடைவெளி என்று இருக்கிறது. மிகையாகப் போட்டிருக்கிறார்களா?
– சைட் மேற்பார்வையாளர், செங்கல்பட்டு

ப: இல்லை, கணக்கே அப்படித்தான் வரும். தூண் 350-க்கு 450, எட்டு 16 மி.மீ. கம்பி என்று கொள்வோம். கவர் கழித்த உட்பகுதி 270-க்கு 370. மொத்தப் பரப்பை உட்பரப்பால் வகுத்து ஒன்றைக் கழித்தால் 0.577. ரிங்கின் 370 மி.மீ. பக்கம் 300-ஐத் தாண்டுவதால் நடுக்கம்பியைப் பிடிக்கும் லிங்க் கட்டாயம். இரு திசையிலும் லிங்க் போட்டால் அதிகபட்சப் பிடியிடைவெளி 185. இனி விதியில் உள்ள மாறிலி 0.18, ரிங் இடைவெளி 75, 185, கான்கிரீட் வலிமைக்கும் கம்பி வலிமைக்கும் உள்ள விகிதம் 0.05, அந்த 0.577 எல்லாவற்றையும் பெருக்குங்கள். 72 சதுர மி.மீ. வேண்டும். 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50, 10 மி.மீ. கம்பிக்கு 78.5. எட்டு மில்லியே போதும் என்றால் இடைவெளியை 50-க்கு இறக்க வேண்டும், ஜல்லி இறங்காது.

இந்த நெருக்கம் தூணின் முழு உயரத்துக்கும் இல்லை. மேலும் கீழும் தலா 450 மி.மீ., அதோடு பீம் கடக்கும் மூட்டுக்குள். நடுவில் ஷியர் (வெட்டு விசை) கணக்கு இடம் கொடுத்தால் 150 போதும்.

சைட்டில் அதிகம் விடுபடுவது மூட்டு ரிங்குகள்தான். பீம் கம்பியை இறக்கிய பிறகு உள்ளே ரிங் நுழையாது. ஆகவே பீம் கூடு வருவதற்கு முன்பே தேவையான ரிங்குகளைத் தூண் கம்பியில் கோத்துக் கீழே அடுக்கி வைத்து, பீம் கம்பி உட்கார உட்கார ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ரிங்கின் முனை 135 டிகிரி மடங்கி, கான்கிரீட்டின் உள்ளே 65 மி.மீ. நீள வேண்டும். 90 டிகிரியில் மடித்தால் கவர் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும். கம்பி வளைக்கும் பலகையில் ஒரு ஆணி கூடுதலாக அடித்தால் இது தீர்ந்துவிடும். வளைத்து முடித்த குவியலில் ஒன்றை எடுத்து முனையை அளந்து பாருங்கள். தூண் கம்பியின் லேப் (இரு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இணைப்பு) தளத்தின் தலைமாட்டிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். அது தூணின் நடுப்பாதியில் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் கூடாது.

கே: ஸ்டில்ட் மாடியைச் சாஃப்ட் ஸ்டோரி என்கிறார்கள். என் மாடலில் எல்லாத் தூண்களும் பாஸ் ஆகின்றனவே?
– பொறியாளர், வேளச்சேரி

ப: மாடலில் சுவரை எடையாக மட்டும் ஏற்றியிருப்பீர்கள். அப்போது கணினிக்கு எல்லா மாடிகளும் ஒன்றுதான். உண்மையில் மேலே உள்ள செங்கல் சுவர்கள் சட்டகத்துக்குள் மூலைவிட்டக் கைத்தாங்கலாக நின்று மாடிகளை விறைப்பாக்குகின்றன. கீழே சுவர் இல்லை. மேல் மூன்று மாடியும் ஒரே பெட்டியாக நகர, வளைவு முழுவதும் ஸ்டில்ட் தூண்களின் தலையிலும் காலிலும் சேர்ந்துவிடும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் ஸ்டில்ட் அடுக்குமாடிகள் இப்படித்தான் உட்கார்ந்தன.

சுவர்களை மூலைவிட்ட ஸ்ட்ரட்டாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு மாடியின் விறைப்பு மேல்மாடியைவிடக் குறைந்தாலே 2016 பதிப்பின்படி அது சாஃப்ட் ஸ்டோரி. 2002 பதிப்பில் மேல்மாடியின் 70 சதவீதத்துக்கோ, மேல் மூன்று மாடிகளின் சராசரியில் 80 சதவீதத்துக்கோ கீழே போனால்தான். அப்போது ஸ்டில்ட் தூண், பீம் விசைகளை 2.5-ஆல் பெருக்கித் தப்பிக்கும் வழியும் இருந்தது. 2016 பதிப்போ தேர்ந்த சில இடங்களில் கான்கிரீட் சுவரோ பிரேசிங்கோ வைத்து ஸ்டில்டின் விறைப்பையும் வலிமையையும் இரு திசையிலும் கூட்டச் சொல்கிறது. கார் திரும்ப இடம் வேண்டும் என்பார் உரிமையாளர். பக்கச் சுவர் ஓரத்தில் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை, எதிரெதிராக, அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை நிரப்பினால் ஒரு கார் இடமும் போகாது. ஸ்டில்ட்டோடு நிறுத்திவிடாதீர்கள், பலவீனம் ஒரு மாடி மேலே ஏறிவிடும்.

கே: சென்னைக்குப் புயல்தானே பெரிய ஆபத்து? காற்று விசையைப் பார்த்தால் போதாதா?
– வாசகர், திருவான்மியூர்

ப: அதே கட்டடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். வீடுகள் நெருங்கிய பகுதியில் 12 மீட்டர் உயரத்துக்கான காரணி 0.934. வேகம் 46.7, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1.31 கிலோநியூட்டன். பரப்புச் சராசரிக் காரணி 0.8 சேர்த்தால் 1.05. இங்கே பலர் திசைக் காரணி 0.9-ஐயும் பெருக்கிவிடுகிறார்கள், புயல் பாதிக்கும் பகுதியில் அது 1தான். விசைக் கெழுவைச் சுமார் 1.2 என்று எடுத்தால் 18 மீட்டர் முகத்தில் 272, 12 மீட்டர் முகத்தில் 181 கிலோநியூட்டன். இரண்டும் 384-க்குக் கீழே. இந்த உயரத்தில் நிலநடுக்கம்தான் ஆளும். கட்டடம் உயர உயர அதிர்வு நேரம் நீண்டு நிலநடுக்கக் கெழு குறையும், காற்றோ கூடும். உயரமான, ஒல்லியான கட்டடங்களில் முடிவு தலைகீழாகலாம், அதுவும் ஒரு திசையில் மட்டும். எனவே இரண்டையும் இரு திசையிலும் பாருங்கள். ஆனால் ஒரே சேர்க்கையில் இரண்டையும் கூட்ட வேண்டியதில்லை.

கே: மாடிப்படி நடுத்தள பீம் இருக்கும் தூணுக்கு மட்டும் முழு உயரமும் நெருக்க ரிங் ஏன்?
– பாலிடெக்னிக் மாணவி, வேலூர்

ப: நடுத்தள பீம் தூணை இரண்டாகப் பிடித்துவிடுகிறது. விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. மற்றத் தூண்களோடு ஒரே அளவு நகர வேண்டியிருப்பதால் விசையும் அதே போக்கில் குவியும். குட்டையான தூண் வளைவதற்குள் ஷியரில் குறுக்காகப் பிளக்கும். பாதிச் சுவர் வைத்து மேலே ஜன்னல் விட்ட தூணுக்கும் இதே விதி.

கே: லிஃப்ட்டுக்குக் கான்கிரீட் சுவர் வைத்தால் கட்டடம் பலமாகத்தானே ஆகும்? மூலையில் வைக்கப் பார்க்கிறோம்.
– கட்டுநர், கோவை

ப: மூலையில் வைத்தால் விறைப்பு மையமும் அந்தப் பக்கம் போய்விடும். 18 மீட்டர் நீளத்தில் எடை மையத்துக்கும் அதற்கும் 5 மீட்டர் விலகல் என்று வைத்தால், கணக்குக்கு எடுக்க வேண்டியது ஒன்றரை மடங்கு, அதோடு நீளத்தில் 5 சதவீதம்: 7.5, 0.9 சேர்ந்து 8.4 மீட்டர். 384 கிலோநியூட்டனுக்கு முறுக்கம் 3,226 கிலோநியூட்டன்-மீட்டர். அதை வாங்குபவை எதிர் மூலைத் தூண்கள். மென்பொருளில் முதல் அதிர்வு முறையே முறுக்கமாக வந்தால் தூணைப் பெரிதாக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். லிஃப்ட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் எதிர்ப் பக்கத்தில் இணையாக ஒரு கான்கிரீட் சுவர் வையுங்கள்.