இளைப்பு என்று நினைத்தோம், மாரடைப்பாம்!

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. வெகுகாலம் பீடி பிடித்தவர். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்ஹேலர் எடுக்கிறார். போன மாதம் சளி பிடித்து இளைப்பு அதிகமானது. நெஞ்சுவலி இல்லாததால் ராத்திரி முழுக்க நெபுலைசர் வைத்தோம். காலையில் மருத்துவமனையில் மாரடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். நுரையீரல் நோய்க்கு அது ஆகாது என்கிறார் மருந்துக் கடைக்காரர். நிறுத்திவிடலாமா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள். கடைக்காரர் சொல்வது பழைய பாடம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளில் ப்ரோப்ரனலால் போன்றவை மூச்சுக்குழாயையும் சுருக்கும். அதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் இரண்டும் பெரும்பாலும் இதயத்தில்தான் வேலை செய்யும். மாரடைப்பு வந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கும் இவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிக் கொடுக்கிறோம். திடீரென நிறுத்தினால்தான் ஆபத்து. வீசிங் கூடினாலோ, அப்பாவுக்கு ஆஸ்துமாவும் உண்டென்றாலோ, இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை அவர் மாற்றுவார். ஸ்டென்ட்டுக்கான ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளையும் அவரைக் கேட்காமல் விடக்கூடாது.

அந்த ராத்திரியை நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு பல நேரம் வெறும் இளைப்பாகவே வரும். மருத்துவமனையில்கூடச் சில சமயம் தவறிப்போகிறது. சளி முற்றும்போது உடலில் அழற்சி கூடுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது, ஆக்சிஜன் குறைகிறது, இதயமோ வேகமாக ஓடுகிறது. அதனால் அந்த நாட்களிலும் அடுத்த சில வாரங்களிலும் மாரடைப்பு அபாயம் அதிகம். நெபுலைசரில் போடும் சால்புட்டமால் படபடப்பை இன்னும் கூட்டும்.

இனி இப்படிப் பாருங்கள். வழக்கமாக இரண்டு பஃப்பில் அடங்கும் இளைப்பு அன்று அடங்கவில்லை, கூடவே குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடையிலோ இடது தோளிலோ பாரம், படுக்கவே முடியாத திணறல் என்று ஏதாவது இருக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். போனதும் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சில மணி நேரம் விட்டு இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைத் திரும்பப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஊதிப்போன நுரையீரல் இதயத்தை மூடிக்கொள்வதால் இவர்களுடைய இ.சி.ஜி. அலைகள் சிறுத்துத் தெரியலாம். பழைய இ.சி.ஜி.யும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஃபைலில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்குப் பெரிய உதவி.

அப்புறம், அப்பா பீடியை விட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. விடவில்லை என்றால் நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை என்று வழிகள் உண்டு. அடுத்த செக்கப்பில் கேளுங்கள். ஃப்ளூ தடுப்பூசியை வருடம் ஒருமுறை போடச் சொல்லுங்கள். நிமோனியா தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள், அது வருடா வருடம் தேவையில்லை.