32 வீடுகள்

கேள்வி: மனைகளை வாங்கி, அவற்றில் வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் மோனோபோலி பலகை ஆட்டத்தில் கடைசியில் ஒருவரே எல்லாவற்றையும் வளைத்துவிடுகிறார். அது அவருடைய திறமைதானே? அதைக் காட்டி வணிக ஏகபோகத்தைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: அந்தத் திறமை எதில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆட்டப் பெட்டியில் உள்ள பச்சை வீடுகள் 32 மட்டுமே. ஒரு மனையில் நான்கு வீடு கட்டியவர், அவற்றை வங்கியிடம் திருப்பிக் கொடுத்து மேற்கொண்டு பணம் கட்டினால் ஹோட்டல் எழுப்பலாம், வாடகையும் கூடும். தேர்ந்த ஆட்டக்காரர் பல நேரங்களில் அப்படிச் செய்வதில்லை. திரும்பிச் செல்லும் வீடுகளை அடுத்தவர் வாங்கிக் கட்டிவிடுவார் என்பதால் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார். மனைகள் நிறவாரியாகத் தொகுக்கப்பட்டவை; மும்மூன்று மனைகள் கொண்ட இரண்டு நிறத் தொகுதிகள் அவர் கைக்கு வந்தால் 24 வீடுகள் அங்கேயே முடங்கிவிடும். மற்ற எல்லோருக்குமாக எஞ்சுபவை எட்டு. மனையும் பணமும் இருந்தும் கட்ட வீடு கிடைக்காமல், வாடகை கொடுத்தே ஒருவர் திவாலாகிறார். வென்றவர் எவருக்கும் நல்ல வீட்டைக் குறைந்த வாடகைக்குத் தரவில்லை. பிறரைக் கட்டவிடாமல் தடுத்தார். காப்புரிமைகளை வாங்கி, தானும் பயன்படுத்தாமல் பிறரையும் பயன்படுத்தவிடாமல், வைக்கோற்போரில் படுத்த நாயைப்போல் காத்துக்கிடக்கும் நிறுவனத்தின் வேலையும் இதுவே. இதற்குத் திறமை என்று பெயர் சூட்ட நான் உடன்படமாட்டேன்.

இந்த ஆட்டத்தின் மூலத்தை உருவாக்கிய லிஸ்ஸி மேகியும் உடன்பட்டிருக்கமாட்டார். நிலத்தை வளைத்தவர் வாடகையால் கொழுப்பதையும் மற்றவர்கள் நலிவதையும் கண்ணெதிரே காட்டுவதற்காகவே அவர் ‘நிலக்கிழார் ஆட்டம்’ ஒன்றை வடிவமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். ஆதாயம் எல்லோருக்கும் பகிரப்படும் மாற்று விதிகளையும் வகுத்தார். மோனோபோலியைத் தன் கண்டுபிடிப்பாக விற்ற சார்லஸ் டாரோவிடமிருந்து அதை வாங்கிய பார்க்கர் பிரதர்ஸ் என்ற ஆட்டத் தயாரிப்பு நிறுவனம், 1935இல் மேகியின் இரண்டாவது காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு தரவில்லை. பல பத்தாண்டுகள் டாரோவே கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடப்பட்டார்.

உண்மை பரவலாகத் தெரியவந்ததற்குக் காரணம், ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1973இல் வெளியிட்ட ‘ஆன்டி-மோனோபோலி’ ஆட்டத்தின் மீது எழுந்த வணிகப் பெயர் வழக்கு. வழக்கு முடிவதற்குள், 1977இல், கீழ் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததால், அவருடைய ஆட்டப் பெட்டிகள் ஏறத்தாழ 40,000 அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் குப்பைக் கிடங்கு ஒன்றில் புதைக்கப்பட்டன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்தப் பெட்டிகளை ஒருவரும் தோண்டியெடுத்துக் கடைக்கு அனுப்பவில்லை.