ஒரே லயத்தில் ஐந்து கொடி

கேள்வி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதுதான் வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா, ஐந்து தொழிற்சங்கம். எலெக்‌ஷனில் நாங்கள் வேறு கட்சிக்கு வேலை செய்தோம் என்று சித்தப்பா வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. சம்பளம் கேட்கிற நேரத்தில்கூட ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கிறார்கள். மலையகத்து ஆட்கள் ஒன்றுசேர்வார்கள் என்று இன்னும் நம்பலாமா?
(பெயர் வேண்டாம், பொகவந்தலாவை, இலங்கை)

பதில்: தம்பி, உங்கள் தோட்டத்தில் மரணச் சங்கம் இருக்கும்தானே? கடைசியாகச் சாவு விழுந்தபோது பந்தல் போட்டவர், குழி வெட்டியவர், பெட்டி தூக்கியவர் எல்லாம் எந்தக் கட்சி என்று யோசித்துப் பாருங்கள். செத்தவனுக்குச் சேர்கிற நாம் உயிரோடு இருக்கிறவன் சம்பளத்துக்குச் சேர்வதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே கொடிக்குக் கீழே வரவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். என்றைக்கு அப்படி இருந்தோம்? 1986 தைப்பொங்கலோடு தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தைப் பெரியவர்களிடம் கேளுங்கள். இந்தியாவுக்கும் விண்ணப்பிக்காமல் இங்கேயும் பிரஜாவுரிமை இல்லாமல் நின்ற 94,000 பேருக்காக, காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் சாமி கும்பிட்டார்கள். கும்பிடுகிறவனை வேலைநிறுத்தக்காரன் என்று எப்படிச் சொல்வது! கூப்பிட்ட இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமானோ அதே அரசாங்கத்தில் மந்திரி. எங்கள் அப்பா வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டியவர், அவரும் போய்க் கற்பூரம் கொளுத்தினார், மறுமாதமும் பழைய சங்கத்துக்கே சந்தா கட்டினார். அந்த வருஷமே அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. அப்படியும் 1948இல் பறித்த பிரஜாவுரிமையை முழுதாகத் திருப்பி வாங்க 2003 ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வருஷம், அதற்குள் எத்தனை பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

அதனால் தலைவர்கள் கைகோர்க்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவர்கள் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் கோர்ப்பார்கள், விடுவார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, தண்ணீருக்கு என்று கிலோ கழிக்கிறார்களே, அது பச்சைக் கொடி, சிவப்புக் கொடி பார்த்தா கழிக்கிறது? ஐந்து சங்கத்துப் பெண்களும் ஒரு மாதம் தங்கள் கழிவைக் கொப்பியில் எழுதி, ஒன்றாகப் போய்க் கேட்கட்டும். முதல் தடவையே நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

சித்தப்பா விஷயம். நீங்கள்தான் சின்னவர், நீங்களே போங்கள். யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்ற பேச்சே வேண்டாம், சித்தியிடம் தேத்தண்ணி கேளுங்கள், போதும்.

கேள்வி: நம் ஆட்கள் இங்கே வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, என்ன கிடைத்தது?
(வாசகி, தலவாக்கலை)

பதில்: சம்பளத்தில் ஒரு சதம் கூடவில்லை, சரி. 2023 ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்து செத்த பாதை அது. நம் ஆட்கள் மட்டும் நடக்கவில்லை, மற்ற இனத்தவரும் கூட நடந்தார்கள். என் மகள் அதுவரை “நம்ம ஆட்கள் எப்படி இங்கே வந்தாங்க?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். இரவு பத்து மணி வரை சொல்லிக்கொண்டிருந்தேன், ரொட்டி கருகிப்போனது.